ஈயத்தைப் பார்த்து இளித்த பித்தளை

(தொழிலாளர் பாதுகாப்பு தினக் கூட்டத்தில் பேசியது)

தலைமையேற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, வெயிலைப் பாராமல் வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, ஈ.எஸ்.ஐ. மருத்துவர் அம்மா அவர்களே, பொன்னாடை போர்த்திய மகளிரணித் தோழர்களே, மைக்செட் தம்பி அவர்களே (இவரை விட்டால் பாதியில் சத்தம் நின்றுவிடும்), பேட்டரித் தொழிலாளத் தோழர்களே, வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். ஈயம் நம் எதிர்ப்புச் சக்தியை என்ன செய்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, மூன்றாவதாகக் குளியலறை.

"பாட்டி ஈயச்சொம்பில் ரசம் வைத்தாரே, என்ன ஆயிற்று?" என்று ஒரு தோழர் கேட்டார். ஐயா, அது வெள்ளீயம். நாம் பேட்டரி பிளேட் வார்ப்பது காரீயம். பெயரில்தான் சொந்தம்.

காரீயம் என்றால் ரத்தசோகை, வயிற்றுவலி, மணிக்கட்டு தொய்வது, இவைதான் நமக்குத் தெரியும். அதற்கு முன்பே உள்ளே வேறொரு கூத்து நடக்கிறது. ரத்தத்தின் வெள்ளணுக்களில் உதவி டி செல்கள் என்று மேஸ்திரிகள் இருக்கிறார்கள். ஒரு மேஸ்திரி, செல்லுக்குள் ஒளிந்த கிருமியை அடிக்க ஆள் அனுப்புவார். இன்னொருவர் ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பிடிக்கும் புரதம், தயாரிக்கும் வேலையைப் பார்ப்பார். அவர் கை ஓங்கினால் ஒவ்வாமைதான். விலங்குச் சோதனைகளில் ஈயம் முதலாமவரை அமுக்கி இரண்டாமவரைத் தூக்கிவிட்டது. ஈயம் ஏறிய எலிகள் சால்மோனெல்லா, லிஸ்டீரியா கிருமிகளைத் தாக்குப்பிடிக்கவில்லை. ஈயத்தில் வேலை செய்வோரிடம் நடந்த சில ஆய்வுகளில், கிருமியை நோக்கி ஊர்ந்து போக வேண்டிய நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் மந்தமாக இருந்தன. எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை. மருத்துவர் அம்மா எதிரில் மிகைப்படுத்த மாட்டேன்.

இப்போது ஒரு கதை. நான் பிளேட்டில் ஈயப் பசை பூசும் பேஸ்டிங் பிரிவில் இருந்தபோது எங்களுடன் ஒருவர், பட்டப்பெயர் தும்மல். வருஷம் முழுக்கச் சளி. பத்து நாள் வருவார், ரெண்டு நாள் லீவு. எங்கள் சூப்பர்வைசருக்கு அவரைச் சீண்டுவதுதான் பொழுதுபோக்கு. "டேய், ஈயத்துல வேலை செய்யறவன் கனமா இருக்கணும்டா, நீ தும்முனா நீயே பறந்துடுவ போல!" என்பார். எல்லோரும் சிரிப்போம், நானும்தான் சிரித்தேன். சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டே லைனில் நின்று முறுக்கு கடிப்பார், அதே கையால் பீடி பற்றவைப்பார். ஒருநாள் ஈய அளவு பார்க்க ரத்தம் எடுத்தார்கள். முடிவை எங்களிடம் காட்டவில்லை. கிளார்க்குக்கு நாலு டீ வாங்கிக்கொடுத்த பிறகு தெரிந்தது: தும்மலுக்கு 38, சூப்பர்வைசருக்கு 52! ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை! மறுநாள் முறுக்குப் பொட்டலம் காணாமல் போயிற்று. தும்மலின் சளிக்கு ஈயம்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். முறுக்கு வழியே ஈயம் போனதற்குச் செய்வேன்.

அந்த எண்கள் ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி ரத்தத்தில் இத்தனை மைக்ரோகிராம் ஈயம் என்பது. 5 இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். ரத்தத்தில் உள்ளது ஒரு மாதத்தில் ஏறக்குறைய பாதியாகும். எலும்பில் குடியேறியது பல வருஷம் காலி செய்யாது.

சட்டத்துக்கு வருகிறேன். 1948 தொழிற்சாலைகள் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில், அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் முதலாவதாக ஈய நச்சை எழுதியது. ஒரு கன மீட்டர் காற்றில் 0.15 மில்லிகிராம் ஈயம் வரை அனுமதித்ததும் அதே சட்டம்தான். அமெரிக்கா 1978-லேயே 0.05 என்றது. தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார், மிச்சத்தை வக்கீல் தோழர் பேசுவார்.

நான் குளியலறைக்குப் போகிறேன். சிரிக்காதீர்கள். நான்கு வருஷமாக இதைத்தான் கேட்கிறேன்: ஷிப்ட் முடிந்ததும் குளிக்க வெந்நீர், வேலை உடுப்புக்கு ஒன்று, வீட்டு உடுப்புக்கு ஒன்று என்று ஆளுக்கு இரண்டு லாக்கர், யூனிபாரம் ஆலையிலேயே துவைக்க வேண்டும், ரத்த முடிவு அவரவர் கையில் வர வேண்டும். நம் சட்டைத் தூசி வீட்டு வாளியில் குழந்தை சட்டையோடு ஊறுகிறது. பெரியவர் உடம்பைவிடக் குழந்தை உடம்பு ஈயத்தை அதிகம் உறிஞ்சும். "தண்ணிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று நிர்வாகத்தில் ஒருவர் சிரித்தாராம். அவர் அறையின் ஏசி எந்தக் காற்றை இழுக்கிறது? ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை!

கையெழுத்துத் தாள் டீ மேசையில் இருக்கிறது. முதல் ஷிப்ட் முடித்து நேரே வந்தவர்கள், குழாய் பின்பக்கம், கை கழுவிவிட்டு டம்ளரைத் தொடுங்கள்.