டயாலிசிஸ் இல்லாத அந்த ரெண்டு நாள்

வணக்கம் மக்களே, பினாங்குலேர்ந்து பேசுறேன். தைப்பூசம் வருது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போற வழியெல்லாம் பந்தல் போட்டுடுவாங்க. மோர், சர்பத், இளநீர், அன்னதானம்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பாங்க. அந்தக் கூட்டத்துல, சிறுநீரகம் வேலை செய்யாததால மெஷின் வச்சு ரத்தத்தைச் சுத்தம் பண்ற டயாலிசிஸ் செஞ்சுக்கிற நம்ம மாமா, அத்தை, பெரியம்மாவும் நடந்து வருவாங்க. அவங்க வீட்டுல இருக்கிறவங்களுக்குத்தான் இந்த வீடியோ. விஷயம் பொட்டாசியம், அதாவது சாப்பாட்டுலேர்ந்து உடம்புக்கு வர்ற ஒரு தாது.

நம்ம உடம்புப் பொட்டாசியத்துல 98 சதவீதம் செல்லுக்குள்ளதான் இருக்கு. வெளிய இருக்கிறது வெறும் 2 சதவீதம். ரத்தத்துல லிட்டருக்குச் சுமாரா 3.5லேர்ந்து 5 மில்லிமோல் வரைக்கும் இருக்கணும். ரொம்ப ஏறினா இதயத் துடிப்பே தடுமாறும். சிறுநீரகம் இதைப் பார்த்துக்கிற விதம் எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்தான். ஒரு நாளைக்குச் சுமாரா 180 லிட்டர் திரவத்தை ரத்தத்துலேர்ந்து வடிகட்டுது. அதுல இருக்கிற பொட்டாசியத்தைக் கிட்டத்தட்ட முழுசா திரும்ப எடுத்துக்குது. அப்புறம் சிறுநீரகத்துல இருக்கிற நுண்குழாயோட கடைசிப் பகுதியில, ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் சொல்ற அளவுக்கு, சோடியத்தை உள்ள இழுத்துக்கிட்டுப் பொட்டாசியத்தைப் புதுசா சிறுநீர்ல தள்ளுது. நேத்து வாழைப்பழம் சாப்பிட்டீங்களா, கஞ்சி குடிச்சீங்களான்னு பார்த்து அளவை மாத்திக்கும்.

டயாலிசிஸ் மெஷினுக்கு அது தெரியாது. வாரம் 3 தடவை, 4 மணி நேரம், அவ்வளவுதான். திங்கள், புதன், வெள்ளி போறவங்களுக்கு வெள்ளிக்கிழமை முடிஞ்சா அடுத்தது திங்கள்தான். நம்ம கல்யாணம், கோயில் விசேஷம், விருந்து எல்லாம் எப்போ வருது? பாதிக்கு மேல சனி, ஞாயிறுல! நடுவுல ரெண்டு நாள் வெளியேத்தப் பெருசா வழி இல்ல, சாப்பாடு மட்டும் ஏறிக்கிட்டே போகுது. டயாலிசிஸ் செய்றவங்களுக்கு ஆபத்து அதிகமா வர்ற நேரம் இந்த நீண்ட இடைவெளியோட கடைசியிலதான்.

இளநீர் குளிர்ச்சி, நல்லதுன்னு நீட்டுறோம். 100 மில்லி இளநீர்ல 200 மில்லிகிராமுக்கு மேல பொட்டாசியம் இருக்கு. ஒரு முழு இளநீர் குடிச்சா எவ்வளவுன்னு நீங்களே கணக்குப் போடுங்க. உப்பைக் குறைக்கணும்னு 'லோ சோடியம்' உப்பு வாங்குறவங்களும் கவனிங்க, பல பாக்கெட்ல சோடியத்துக்குப் பதிலா இருக்கிறது பொட்டாசியம் குளோரைடு. பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற பெரின்டோபிரில், லோசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏத்தும். ஆனா நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க.

பொட்டாசியம் ஏறுறது பல சமயம் வெளிய தெரியவே தெரியாது. கால் தளர்ந்த மாதிரி இருக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது. ஈசிஜி எடுத்தா, அதுல டி அலைன்னு சொல்ற மேடு பலருக்குக் கூடாரம் மாதிரி கூர்மையா எழும்பி நிக்கும். நம்ம ஊர் வார்டுல உடனே 'லிட்டிக் காக்டெயில்' போடுன்னு குரல் கேட்கும். பொட்டாசியம் ஏறினா அவசரத்துக்குச் சேர்த்துப் போடுற மருந்துகளுக்கு அதுதான் பேரு. கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி, மானிட்டரைப் பார்த்துக்கிட்டே மெதுவா ஏத்துவாங்க. அது பொட்டாசியத்தை ஒரு புள்ளிகூடக் குறைக்காது, இதயத்தை மட்டும் காப்பாத்தும். அதுவும் அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம்தான் தாங்கும். கூடவே போடுற 10 யூனிட் இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும் (குளுக்கோஸ்) பொட்டாசியத்தைச் செல்லுக்குள்ள தள்ளி வைக்கும். சில மணி நேரத்துல அது திரும்ப வெளிய வந்துடும். அதனாலதான் ஊசி போட்டு நம்பர் இறங்கினதும் 'வீட்டுக்குப் போறேன் டாக்டர்'னு கையெழுத்துப் போட்டுக் கிளம்புறவங்களைப் பார்த்தா எனக்கு மனசு பதறும். சிறுநீரே வராதவங்களுக்கு அதை உடம்பைவிட்டு வேகமா எடுக்கிறது டயாலிசிஸ்தான்.

வீட்டுல என்ன செய்யலாம்? உருளைக்கிழங்கு, கீரையைச் சின்னதா நறுக்கி, நிறையத் தண்ணியில வேகவச்சு, அந்தத் தண்ணியக் கொட்டிடுங்க. பொட்டாசியம் கணிசமாக் குறையும். அந்தத் தண்ணியில ரசம் வைக்காதீங்க. விசேஷ வாரத்துல செஷனைத் தள்ளிப் போடவே போடாதீங்க. வெளியூர் போகணும்னா முன்கூட்டியே சென்டர்ல பேசி நாள் மாத்திக்குங்க.

திடீர்னு கால் தூக்க முடியல, நெஞ்சு படபடக்குது, மயக்கம் வருதுன்னா, மலேசியாவுல ஆம்புலன்ஸுக்கு 999க்கு அடிங்க. எடுத்தவுடனே 'டயாலிசிஸ் பேஷண்ட், கடைசியா செஞ்சது இந்தக் கிழமை'ன்னு சொல்லிடுங்க. அதைக் கேட்டாலே பொட்டாசியம் ஏறியிருக்கலாம்னு வர்றவங்களுக்குப் புரியும்.