தயிர்க் கம்பளியும் சோற்றுப் பானையும்

வணக்கம். டிசம்பர் மாதத்தில் ஊட்டியில் தயிர் தோய்த்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது பாதி தெரிந்த விஷயம்தான். ராத்திரி உறை ஊற்றி அப்படியே வைத்துவிட்டால் விடிந்தும் பால் பாலாகவே இருக்கும். அதனால் பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் இறக்கிவிடுகிறோம். கம்பளி தானாகச் சூடு தருவதில்லை; உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாது, அவ்வளவுதான். அந்த அவ்வளவை வைத்துத்தான் எங்கள் வீட்டில் சோறு வேகிறது.

2009 நவம்பர் மழையை இந்த மலையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டாம். எத்தனையோ வீடுகளைக் கொண்டுபோன மழை. எங்களுக்கு வந்த கஷ்டம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை: மண் சரிந்து சாலை அடைபட்டது, சிலிண்டர் லாரி மேலே வரவில்லை. இருந்த 14.2 கிலோ சிலிண்டரும் தூக்கினால் ஒரு கையில் வந்தது. விறகென்று கிடந்ததெல்லாம் ஈரச் சீகை மரக்கட்டை. ஊதி ஊதிக் கண்தான் சிவந்தது.

அன்று ராத்திரி என் மனைவி தயிர்ப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றிக்கொண்டிருந்தார். “இதில் பால் உறையும் என்றால் அரிசி வேகாதா?” என்று கேட்டேன். “ஆக்கிப் பாருங்கள். சாப்பிடப் போவதும் நீங்கள்தான்” என்றார்.

ஆக்கினேன். சின்னப் பாத்திரத்தில் பாதி அளவு அரிசியும் தண்ணீரும், ஒரு கொதி, கம்பளி. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து பார்த்தேன். கடைசியில் வெளியே குழைந்து உள்ளே கல்லாக ஒரு சோறு. எங்கள் நாயே யோசித்துத்தான் சாப்பிட்டது. திறக்கக் கூடாது, பாத்திரம் நிறைய இருக்க வேண்டும்: இந்த இரண்டையும் கற்க நாலு நாள் ஆனது. திறக்கவே கூடாது, மறுபடியும் சொல்கிறேன்.

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. தளதளவென்று கொதித்தாலும் மெல்லக் கொதித்தாலும் ஒன்றுதான். காசு ஆவியாய்ப் போகிறது. அரிசியை அரை மணி ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் விட்டு, மூடி போட்டு ஏழு நிமிஷம் கொதிக்க விடுங்கள். அப்படியே இறக்கிக் கம்பளி திணித்த பெட்டிக்குள் வையுங்கள். ஒரு மணி நேரம். பருப்பு என்றால் ராத்திரியே ஊறப்போட்டு, கால் மணி கொதிக்கவிட்டு, மூன்று மணி நேரம் விட வேண்டும். சாப்பிடுமுன் திரும்ப ஒரு கொதி அவசியம். இது நான் கண்டுபிடித்ததில்லை. உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் வைக்கோல் அடைத்த பெட்டியில் இப்படித்தான் சமைத்தார்கள்.

குக்கரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கொண்டைக்கடலைக்கு எங்கள் வீட்டிலும் குக்கர்தான். ஆனால் அறுபது வயதில் தன் சோற்றைத் தானே ஆக்கத் தெரியாமல் “டீ வந்ததா?” என்று உட்கார்ந்திருக்கிற என் நண்பர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. எளிமை, எளிமை என்று பேசுவார்கள். அந்த எளிமையைச் செய்வது யார்? வீட்டுப் பெண்கள். அந்த வேலையை அவர்கள் தலையில் விட்டுவிட்டுக் கதர் ஜிப்பா போட்டு என்ன பயன்? சரி, கோபம் வேண்டாம்.

இந்த ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், பேச இன்னும் ஒரு நிமிஷம்தான். ஸ்வெட்டர் முழங்கை ஒட்டுப் போடுவது, கொல்லையில் முட்டைக்கோஸ் வைப்பது எல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன். முழங்கைக்கு மட்டும் சொல்கிறேன்: கிழிசலுக்குள் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்துத் தையுங்கள், மறுபக்கத்தோடு சேர்ந்து தைக்காது. கோஸ் இன்னொரு நாள்.

ஆவி ஏறிய கம்பளியை வெயில் கண்ட நாளில் காயப்போட வேண்டும், இல்லையென்றால் மக்கல் வாடை சோற்றில் ஏறும். எங்கள் கம்பளி இப்போது கொடியில் தொங்குகிறது. வரும்போதே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. போய் எடுக்க வேண்டும். வணக்கம்.