காட்சி முதலில், விமானம் பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

பிளாஸ்டிக் கிட் வாங்கிப் போர் விமானம் ஒட்டுகிறவர்களில் பெரும்பாலோர் விமானத்தை முழுதாக முடித்துவிட்டு, கடைசியில்தான் அதை எதன்மேல் நிறுத்துவது என்று யோசிக்கிறார்கள். சிக்கல் அங்கே தொடங்குகிறது. இறக்கையின் துப்பாக்கி மூடிகள் ஒட்டி, இழைத்து, பெயின்ட்டும் அடித்தாயிற்று. காட்சியிலோ ஆட்கள் தோட்டா நிரப்ப வேண்டும். கண்ணாடிக் கூண்டை மூடி ஒட்டியாயிற்று. விமானியோ இறங்கி வெளியே நிற்கிறார். டயோரமா, அதாவது மாடலைச் சுற்றித் தரை, ஆட்கள் எல்லாம் வைத்த காட்சி, செய்வதென்றால் அந்தக் காட்சியை முதலில் முடிவு செய்யுங்கள். எந்த மூடி திறந்திருக்கும், எந்த இடம் அழுக்காகும், சக்கரம் எவ்வளவு அழுந்தும் என்பதையெல்லாம் அந்தக் காட்சி சொல்லிவிடும்.

ஒரே ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் போர் விமானமான ஸ்பிட்ஃபயர், அதன் முதல் வகையான மார்க் 1. காலம் 1940, ஜெர்மன் விமானப்படையை எதிர்த்து நடந்த பிரிட்டன் வான்போர். ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை என்று வரலாற்றில் குறிக்கப்படும் நாட்கள். இடம் இங்கிலாந்தின் புல்தரை விமானத்தளம். டக்ஸ்ஃபர்ட், ஹார்ன்சர்ச் இரண்டும் அப்போது புல்தரைகள்தான். காட்சி: சண்டையிட்டுத் திரும்பிய விமானத்துக்கு மறுபடி தோட்டா நிரப்புகிறார்கள். எரிபொருள் லாரியையும் சேர்க்கலாமே என்று ஆசை வரும். சேர்த்தால் பலகை பெரிதாகும், பார்ப்பவர் கண்ணும் லாரிக்குப் போய்விடும். ஒரு பலகைக்கு ஒரு வேலை போதும்.

அளவு 1:48 என்று வைத்துக்கொள்வோம். நிஜ ஸ்பிட்ஃபயரின் இறக்கை அகலம் 11.23 மீட்டர், நீளம் 9.12 மீட்டர். 48-ஆல் வகுத்தால் 234 மி.மீ. அகலம், 190 மி.மீ. நீளம். ஒன்றேமுக்கால் மீட்டர் ஆள் 36 மி.மீ. உயரம் வருவார். 1:72-இல் அதே விமானம் 156 மி.மீ.தான், ஆள் 24 மி.மீ. அவ்வளவு சின்ன ஆளின் முகத்தில் உணர்ச்சி காட்டுவது கடினம். ஆட்கள் முக்கியமான காட்சிக்கு 1:48 நல்ல நடுவழி. பெரிய அளவில் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமானங்கள் 1:32-இல் வரும், டாங்கிகளும் சிப்பாய்களும் 1:35-இல் வரும். பக்கத்தில் நிறுத்தினால் ஆள் 5 மி.மீ. குள்ளம். கடையில் தெரியாது, பலகையில் பளிச்சென்று தெரியும்.

பெட்டியைத் திறந்ததும் வெட்டத் தொடங்காதீர்கள். காட்சி கேட்பது என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். மார்க் 1 கிட்களில் பெரும்பாலும் இரண்டு வகை பாகங்கள் இருக்கும். தட்டையான கூண்டு, இரண்டு அலகு (பிளேடு) மரப் புரொப்பெல்லர், இவை போருக்கு முந்தைய விமானத்துக்கு உரியவை. 1940 கோடையில் மூன்று அலகு, புடைத்த கூண்டு, முன்கண்ணாடிக்கு வெளியே தடித்த குண்டுதுளைக்காத கண்ணாடி. அடுத்து ஃபிளாப், அதாவது தரையிறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகை. ஸ்பிட்ஃபயர் ஃபிளாப்புக்கு இரண்டே நிலைதான்: முழுக்க மேலே, இல்லை முழுக்கக் கீழே. தரையிறங்கியதும் விமானி அதை மேலே தூக்கிவிடுவார். நிற்கிற ஸ்பிட்ஃபயரில் ஃபிளாப் தொங்குவது அபூர்வம். திறந்த ஃபிளாப் என்று தனியாக விற்கும் உலோகத் தகடுகளில் காசைப் போட வேண்டாம். அதற்குப் பதில், கட்டுப்பாட்டுக் கோல் முன்னால் சாய்ந்து கிடப்பதால், வாலின் கிடைப்பரப்பில் அசையும் பலகைகளான எலிவேட்டர் இரண்டும் சற்றுத் தொங்கும். அதை வெட்டி, தொங்கவிட்டு ஒட்டுங்கள். செலவில்லாத வேலை. விமானம் ஓய்ந்து நிற்கிறது என்று உடனே தெரியும்.

துப்பாக்கிக்கு வருவோம். இரு இறக்கையிலும் நான்கு நான்காக எட்டு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கி, .303 அங்குல ரகம். ஒவ்வொன்றுக்கும் 300 தோட்டா, மொத்தம் 2,400. தொடர்ந்து அழுத்தினால் 15 விநாடியில் தீர்ந்துவிடும். அதனால்தான் தரையில் இந்த வேலை அவ்வளவு அவசரம். இறக்கைக்கு மேலும் கீழும் மூடிகளைக் கழற்றுவார்கள். தோட்டாப் பெட்டிகள் கீழ்ப்பக்கத்திலிருந்து ஏறும். மாடலில் எட்டையும் திறக்க வேண்டியதில்லை. ஒரு இறக்கையில் இரண்டு மூடி போதும். ஒட்டுவதற்கு முன்பே, இறக்கையின் மேல்பாதி தனியாக இருக்கும்போது, உட்புறத்திலிருந்து பிளாஸ்டிக்கை இழைத்து மெலிதாக்கி, கூரான கத்தியால் மூடியின் கோட்டிலேயே பலமுறை மெல்ல இழுத்து வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்டினால் கத்தி கோட்டை விட்டு ஓடிவிடும். வெட்டிய துண்டு தடிமனாக இருக்கும். அதைப் போட்டுவிட்டு 0.13 மி.மீ. பிளாஸ்டிக் தாளில் புது மூடி செய்து புல்லில் வையுங்கள்.

துப்பாக்கி வாய்களை மூடிச் சிவப்புத் துணி ஒட்டியிருப்பார்கள், தூசியும் மேலே உள்ள குளிரும் துப்பாக்கியைக் கெடுக்காமல் இருக்க. சுட்டால் துணி கிழிந்துவிடும். இதுதான் காட்சிக்குக் கிடைத்த வரம். முடிந்த இறக்கையில் புதுச் சிவப்புத் துணி, முடியாத இறக்கையில் கிழிந்த ஓரமும் கீழ்ப்பரப்பில் புகைக்கறையும். வேலை பாதியில் நிற்கிறது என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம். இந்தத் துணிக்காகக் கிட்டில் வரும் டீகால், அதாவது ஒட்டுப்படம், எட்டுமே முழுசாக இருக்கும். நான்கை நடுவில் குத்திக் கிழியுங்கள்.

இனி ஒட்டும் வேலை. பாகங்களை, அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு, இளஞ்சூடான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய் மிச்சமிருந்தால் பெயின்ட் பிடிக்காது. சட்டத்திலிருந்து வெட்டும்போது பாகத்தை ஒட்டி வெட்டாமல் 1 மி.மீ. தள்ளி வெட்டி, பிறகு கத்தியாலும் உப்புத்தாளாலும் சீர் செய்யுங்கள். ஒட்டி வெட்டினால் பாகத்தின் உடம்பிலிருந்தே ஒரு சில்லு பிய்ந்து வரும். உடற்பகுதியின் இரு பாதிகளைச் சேர்த்துப் பிடித்து, திரவ சிமென்ட் தொட்ட தூரிகையை இணைப்பில் வைத்தால் அது தானாக உள்ளே ஓடும். லேசாக அழுத்தும்போது உருகிய பிளாஸ்டிக் மணி மணியாக வெளியே வர வேண்டும். அதை ஒரு முழு நாள் தொடாதீர்கள். அவசரப்பட்டு அன்றே இழைத்தால், மென்மையாக இருந்த பிளாஸ்டிக் காயக் காயச் சுருங்கி, பெயின்ட் அடித்தபின் இணைப்புக் கோடு பள்ளமாக மறுபடி தோன்றும். 400-இல் தொடங்கி 600, 1000 என்று உப்புத்தாள் ஏறட்டும்.

இறக்கையை ஒட்டும் கட்டத்தில்தான் ஸ்பிட்ஃபயர் பலரை ஏமாற்றும். இறக்கைக்கு 6 டிகிரி மேல்சாய்வு உண்டு. அடிவாரத்தில் இடைவெளி தெரிந்தால் உடனே புட்டியை எடுக்காதீர்கள். உடற்பகுதிக்கு உள்ளே சட்டத் துண்டு ஒன்றைக் குறுக்கே முட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் இடைவெளி மூடிவிடும். பிறகு இறக்கை நுனி இரண்டும் மேசையிலிருந்து ஒரே உயரமா என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் கோணலாக இருந்தாலும் முன்னாலிருந்து பார்க்கும்போது மாடல் நொண்டும். முன்சக்கரம் உள்ள மீ 262, பி-25 போன்றவற்றுக்கு மூக்கில் எடை வைக்காவிட்டால் வாலில் உட்கார்ந்துவிடும். ஸ்பிட்ஃபயருக்கு வால்சக்கரம், அந்தக் கவலை இல்லை.

கண்ணாடிக் கூண்டுக்கு சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் படியும், துடைத்தால் போகாது. காய்ந்தால் தெளிவாகும் வெள்ளைப் பசை போதும். கூண்டுச் சட்டத்துக்கு மேல்நிறத்துக்கு முன் காக்பிட்டின் சாம்பல்பச்சையை அடியுங்கள். உள்ளிருந்து பார்த்தால் அந்த நிறம் தெரிய வேண்டும்.

பெயின்ட்டில் காலத்தைக் கவனியுங்கள். மேலே மண்பழுப்பும் கரும்பச்சையும். கீழே, 1940 ஜூனிலிருந்து, ஸ்கை என்ற வெளிர் பச்சை. வால்பக்கம் சுற்றிவரும் ஸ்கைப் பட்டையும், அதே நிறத்தில் மூக்குக் கூம்பும் அந்த ஆண்டு இறுதியில் வந்தவை. செப்டம்பர்க் காட்சியில் அவை இருந்தால் தவறு. கூம்பு கறுப்பாக இருக்கட்டும்.

காற்றால் பெயின்ட் தூவும் ஏர்பிரஷில் 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம். பெயின்ட் பால் பதத்துக்கு இளக வேண்டும். கெட்டியாக இருந்தால் பரப்பு சொரசொரக்கும். நீர்த்துவிட்டால் கால்கள் முளைத்த சிலந்தியாகச் சிதறும். சாம்பல் பிரைமர், கீழ்நிறம், பழுப்பு, பச்சை என்று வெளிறியதிலிருந்து அடர்ந்ததற்குப் போங்கள். டீகாலுக்கு முன் பளபள வார்னிஷ் கட்டாயம். மங்கலான பரப்பின் மேடுபள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். டீகாலின் தெளிந்த ஓரம் வெள்ளிபோல மின்னும். மின்னினால் ஊசியால் மெல்லக் குத்தி, டீகாலை இளக்கும் திரவத்தைத் தொட்டு வையுங்கள். பெரும்பாலும் அமர்ந்துவிடும்.

அழுக்கு ஏற்றுவதில் அளவு தெரிய வேண்டும். இந்த விமானங்கள் பல வாரக்கணக்கில்தான் வாழ்ந்தன. வருடக்கணக்கில் வெயிலில் கிடந்து துருப்பிடித்த தோற்றம் பொய். பெயின்ட் உரியும் இடங்கள் தெளிவு: விமானி ஏறும் கதவு இடப்புறம் என்பதால் இடது இறக்கை அடிவாரம், இயந்திர மூடிகளின் ஓரம், துப்பாக்கி மூடித் திருகுகள். கடற்பஞ்சுத் துண்டில் வெள்ளிநிறத்தைத் தொட்டு, தாளில் நன்றாகத் துடைத்துவிட்டு, மிச்சத்தை ஒற்றுங்கள். இணைப்புக் கோடுகளை எல்லாம் கறுப்பாக்குகிற பழக்கத்தை விட்டுவிடலாம். 0.2 மி.மீ. கோடு நிஜத்தில் ஏறத்தாழ 1 செ.மீ. பள்ளம், அப்படி எந்த விமானமும் பறந்ததில்லை. அடர்பழுப்பு எனாமல் கரைசலை ஓடவிட்டு உடனே துடைத்தால் போதும். கீழே இருப்பது அக்ரிலிக் வார்னிஷ் என்றால் எனாமல் தின்னர் அதைக் கரைக்காது. கடைசி மங்கல் வார்னிஷை மழைநாளில் அடிக்க வேண்டாம். ஈரம் கலந்தால் பனி படிந்தாற்போல் வெளுத்துவிடும்.

இப்போது பலகை. 30 செ.மீ. சதுரம் போதும். விமானத்தை விளிம்புக்கு இணையாக வைக்காமல் 20, 25 டிகிரி திருப்பி வையுங்கள். பிளைவுட் என்றால் இருபுறமும் வார்னிஷ் பூசிவிடுங்கள். ஒரு புறம் மட்டும் ஈரம் ஏறினால் வளையும். மேலே 1 செ.மீ. தெர்மோகோல் வகை அடர் அட்டை, அதன்மேல் வெள்ளைப் பசை கலந்த சுவர்ப்பட்டி 2, 3 மி.மீ. தடிமனில். மொத்தமாகப் பூசினால் வெடிக்கும். அட்டையின் மேல் ஸ்ப்ரே பெயின்ட் நேராக அடித்தால் உருகிக் குழி விழும்.

புல்தான் பெரும்பாலானோர் தவறும் இடம். 5 செ.மீ. உயரத்துக்கு வெட்டிய புல் 1:48-இல் 1 மி.மீ.தான். கடையில் கிடைக்கும் 4 மி.மீ. இழையைத் தூவினால், ஏறத்தாழ 19 செ.மீ. காட்டுப்புல்லில் விமானம் நிற்கும். 1 மி.மீ., 2 மி.மீ. இழைகளைக் கலந்து, பச்சை, வைக்கோல் நிறம் இரண்டையும் சேர்த்துத் தூவுங்கள். கோடை முடிவில் புல் பச்சைப்பசேல் என்று இராது. சக்கரம் போன தடம், ஆட்கள் நடந்த இடம் ஆகியவற்றில் பசை காயும் முன் விரலால் அழுத்திப் புல்லைப் படியவையுங்கள். இயந்திரத்துக்குக் கீழே இரண்டு சொட்டு எண்ணெய்க்கறை, அதற்குமேல் வேண்டாம்.

இரண்டரை டன்னுக்கு மேல் எடையுள்ள விமானம் புல்லின்மேல் மிதக்கக் கூடாது. டயரின் அடியை லேசாக அரத்தால் தட்டையாக்கி, அந்த இடத்தில் 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி செருகுங்கள். பலகையில் துளையிட்டுக் கம்பியை இறக்கினால் டயர் மண்ணில் அரை மில்லிமீட்டர் அழுந்தும். பசை போட வேண்டாம். பழுது பார்க்க விமானத்தைக் கழற்ற முடியும்.

ஆட்கள் நான்கு பேர் போதும். இருவர் இறக்கைக்குக் கீழே, ஒருவர் மேலே, ஒருவர் தோட்டாப் பெட்டியோடு வந்துகொண்டிருக்கட்டும். யாரும் பார்வையாளரைப் பார்க்கக் கூடாது. எல்லாப் பார்வையும் அந்த ஒரு இறக்கையை நோக்கியே இருக்கட்டும். இயந்திரத்தைக் கிளப்பும் பேட்டரி வண்டியை மூக்கின் வலப்புறம் வையுங்கள்; இணைப்பு அந்தப் பக்கம்தான். சக்கரக் கட்டைகளுக்குக் கயிறு கட்ட மறந்துவிடாதீர்கள்.

மேலே அக்ரிலிக் பெட்டி மூடுங்கள். ரேடியோக் கம்பத்தின் நுனிக்கு மேல் 3, 4 செ.மீ. இடம் விடுங்கள். நேர் வெயில் படும் இடத்தில் வைத்தால் நிறங்கள் மங்கும். பலகையின் பட்டியும் பசையும் முழுக்கக் காயும்வரை, குறைந்தது ஒரு வாரம், பெட்டியை மூட வேண்டாம். உள்ளே தங்கிய ஈரம் கண்ணாடியில் வியர்த்து, புல்லின் பசையை மறுபடி வெளுக்க வைக்கும். வணக்கம்.