தாத்தாவின் திராட்சைத் தோட்டம் மறுபடி தழைக்குமா?

[காட்சி: மண்வெட்டி இறங்குகிறது. புரட்டிப் போட்ட மண்கட்டி மிக அருகில்.]

இந்த மண்கட்டியைப் பாருங்கள். வெளுத்துப்போய், செங்கல் மாதிரி இறுகியிருக்கிறது. உடைத்துப் பார்த்தாலும் ஒரு மண்புழு இல்லை. குடும்பத்தின் பழைய திராட்சைத் தோட்டத்தைக் கையில் எடுக்கிற இளம் ஒயின் தயாரிப்பாளர் பலருக்கு முதல் அதிர்ச்சி இதுதான். கொடிகளில் இன்னும் உயிர் இருக்கிறது. களைத்துப்போனது மண்.

வருடக்கணக்காகக் களைக்கொல்லி அடித்து, ஒரு புல்கூட முளைக்காமல் வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும். வேர் ஓடாத மண்ணில் மட்கு சேராது. மழை உள்ளே இறங்காமல் வழிந்து ஓடிவிடும். டிராக்டர் சக்கரம் ஏற ஏற இன்னும் இறுகும்.

[காட்சி: கொடி வரிசைகளுக்கு நடுவே இடுப்பளவு பசுமை.]

அதனால் இயற்கை விவசாயத்துக்கு மாறும்போது வேலை கொடியில் அல்ல, வரிசைகளுக்கு நடுவில் தொடங்குகிறது. அறுவடை முடிந்ததும் பயறு வகைகளையும் தானியப் பயிர்களையும் கலந்து விதைக்கிறார்கள். பயறின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும். தானியப் பயிரின் சல்லிவேர் இறுகிய மண்ணைப் பொலபொலப்பாக்கும். அப்புறம் அதை மடக்கிப் போட்டால் அதுவே மூடாக்கு.

சரி, உடனே பலன் தெரியுமா? தெரியாது. தண்ணீருக்குப் புல்லும் கொடியும் போட்டி போடுவதால் ஆரம்பத்தில் மகசூல் குறையலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இயற்கை விளைச்சல் என்று முத்திரை குத்த, திராட்சைக்கு 3 வருட மாறுதல் காலம் வேண்டும். செலவு இயற்கை முறைக்கு, விலை சாதாரணப் பழத்துக்கு. இந்த 3 வருடம்தான் உண்மையான சோதனை.

[காட்சி: இலையைத் திருப்பும் விரல்கள். அடியில் வெள்ளைப் பூஞ்சை.]

இயற்கை விவசாயத்தில் எதுவுமே தெளிப்பதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இது அடிச்சாம்பல் நோய். 1870களில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது. பிரான்சின் போர்டோ பகுதியில், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்க சாலையோரக் கொடிகளில் மயில்துத்தம் என்ற தாமிர உப்பும் சுண்ணாம்பும் கலந்து பூசிவைப்பார்கள். அந்தக் கொடிகளை மட்டும் நோய் தொடவில்லை என்பதைக் கவனித்தவர் மில்லார்டே என்ற தாவரவியலாளர். 1885-இல் அவர் வெளியிட்டதுதான் போர்டோ கலவை. இயற்கைத் தோட்டங்கள் இன்றும் தாமிரத்தைத்தான் நம்பியிருக்கின்றன.

ஆனால் தாமிரம் மண்ணில் மட்கிப் போகாது, சேர்ந்துகொண்டே இருக்கும். மண்புழுவுக்கும் கெடுதல். எக்டேருக்கு 7 வருடத்தில் 28 கிலோவுக்கு மேல் கூடாது என்கிறது ஐரோப்பிய விதி. இந்த முறையில் இன்னும் அவிழாத முடிச்சு இது. இதை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை என்று நினைக்கிறேன். அளவைக் குறைக்க ஒரு வழி, கூர்ந்து கவனிப்பது. குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் விடுவார்கள். மழை வருமுன் மட்டும் தெளிப்பார்கள், ஏனென்றால் இந்தக் கலவை இலையின் மேல் படிந்து காக்குமே தவிர உள்ளே போகாது.

[காட்சி: கவாத்துக் கத்தரி. கட்டாகக் கட்டிய குச்சிகள்.]

வரிசையில் பட்டுப்போன இடங்களுக்கு என்ன செய்வது? நாற்றங்காலில் ஒரே மாதிரியான கன்றுகள் கிடைக்கும். அதைவிட எனக்குப் பிடித்த வழி வேறு. தாத்தா வைத்த கொடிகளில் நன்றாகக் காய்ப்பவற்றைக் கோடையிலேயே துணி கட்டி அடையாளம் வைத்து, குளிர்காலக் கவாத்தில் அவற்றின் குச்சிகளை எடுத்து, அமெரிக்க இனக் கொடியின் வேர்த்தண்டில் ஒட்டுக் கட்டுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபைலோக்சரா பூச்சியை அந்த வேர் தாங்கும். நட்ட கன்று ஒயினுக்கு ஆகும் அளவு பழம் தர மூன்று வருடமாவது ஆகும். அதுவரை ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு முளைக்குச்சி, அதில் தளர்வாக ஒரு கட்டு.