இரண்டு சம்பளமும் வந்தே ஆக வேண்டிய வீடுகள்

(நாவலூர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் உரிமையாளர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு, திரும்பக் கூட்டி வருவதற்குள் கிடைக்கும் நேரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நான் வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் பல வருஷம் இருந்தவன். தரமணியில் 2000இல் டைடல் பார்க் ஐ.டி. வளாகம் திறந்தது முதல் சிறுசேரி வரை இந்தப் பழைய மகாபலிபுரம் சாலை வளர்ந்ததைக் கடன் மனுக்கள் வழியாகவே பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் மாதச் சம்பளக்காரர் ஒருவர் சராசரியாக வாங்குவது சுமார் 20,000 ரூபாய்தான் என்று மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு சொல்கிறது. கணவன், மனைவி இருவரும் சேர்ந்து கையில் 3 லட்சம் வாங்கும் குடும்பங்கள் இந்தச் சாலையில் ஏராளம். அங்கேயும் மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். எனக்கு வந்ததில்லை. அந்த வீடுகளின் கணக்கை வரி வரியாகப் படித்தவன் நான்.

ஒரு மாதக் கணக்கை இங்கேயே போட்டுப் பார்ப்போம். 1 கோடி வீட்டுக்கடன், 20 வருஷம், எட்டரை சதவீத வட்டி. மாதத் தவணை ஏறக்குறைய 86,800 ரூபாய். முதல் மாதத் தவணையில் 70,800 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 16,000. பராமரிப்புக் கட்டணம் 7,000. இரண்டு பிள்ளைகளுக்கும் வருஷத்துக்கு ஆளுக்கு இரண்டரை லட்சம் ஃபீஸ் என்றால் மாதம் 42,000. கார் கடன் 15 லட்சம், ஏழு வருஷம், தவணை 24,000. மாடுலர் கிச்சன், அலமாரி, ஃபால்ஸ் சீலிங் என்று உள்வேலைக்கு வாங்கிய 8 லட்சம் பர்சனல் லோனுக்கு 17,800. சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் வரும் அம்மாக்களுக்கு 15,000. ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவுக்கு 15,000. கூட்டினால் 2 லட்சத்து 7 ஆயிரத்துச் சொச்சம்.

இதில் ஊதாரித்தனம் என்று எதைச் சொல்வீர்கள்? வீடு வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும், பெற்றோரைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே நியாயமான செலவு. ஆனால் இருவரில் ஒருவருடைய ஒன்றரை லட்சம் நின்றுபோனால், அரிசி, பருப்பு வாங்குவதற்கு முன்பே 57,000 ரூபாய் துண்டு விழும். என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்த 57,000தான்.

காபிக்கு 250 ரூபாய் கொடுக்கிறார்கள், வாரத்தில் மூன்று நாள் ஆப்பில் சாப்பாடு வரவழைக்கிறார்கள் என்று உங்களைத் திட்டுவதற்கு ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் திட்டமாட்டேன். அந்தச் செலவை நாளைக் காலையில் நிறுத்திவிடலாம். தவணையை நிறுத்த முடியாது. ஏழாம் வகுப்புப் பிள்ளையை நவம்பரில் பள்ளி மாற்ற முடியாது. சம்பளம் ஏற ஏற நாம் கூட்டிக்கொண்டே போவது பெரும்பாலும் இந்த நிறுத்த முடியாத செலவைத்தான். இரண்டு படுக்கையறை மூன்றாகிறது, சின்ன கார் பெரிய காராகிறது. ஒவ்வொரு பதவி உயர்வோடும் ஒரு புதுத் தவணையும் சேர்ந்தே வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

இதில் வங்கிக்கும் பங்கு உண்டு. அங்கே இருந்தவன் என்பதால் சொல்கிறேன். 'சார், எங்களுக்கு எலிஜிபிலிட்டி எவ்வளவு?', அதாவது அதிகபட்சம் எவ்வளவு கடன் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இரண்டு சம்பளத்தையும் கூட்டி, அதில் பாதி வரை, சில நேரம் அதற்கு மேலும் தவணைக்குப் போகலாம் என்று வங்கி கணக்குப் போடும். அது வங்கியால் எவ்வளவு வசூலிக்க முடியும் என்ற கணக்கு. ஸ்கூல் ஃபீஸோ, ஊருக்கு அனுப்பும் பணமோ, அப்பாவின் மூட்டு அறுவை சிகிச்சையோ அதில் கிடையாது. உங்கள் குடும்பத்தால் எவ்வளவு தாங்க முடியும் என்ற கணக்கை நீங்கள்தான் தனியாகப் போட வேண்டும்.

வேலையைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள் என்றும் சொன்னது. அதாவது நாற்பதைத் தாண்டியவர்கள், கடனில் பாதியில் நிற்பவர்கள். வேலை போகும்போது கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடும் கூடவே போய்விடும். இந்த அறிவிப்பை வெறும் செய்தியாகப் படித்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள்.

சரி, இவ்வளவு தெரிந்தவர்கள் ஏன் இப்படி மாட்டிக்கொள்கிறார்கள்? ஆசை என்பார்கள். நான் பார்த்தவரை அது பயம். நம் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற பயம். கிளப் ஹவுஸில் ஒரு பிறந்த நாள். வந்த முப்பது பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 500 ரூபாயில் ரிட்டர்ன் கிஃப்ட். அடுத்த மாதம் பிறந்த நாள் வரும் வீட்டில் 100 ரூபாய் பென்சில் பெட்டி கொடுக்க அந்த அம்மாவுக்கு மனசு வராது. கொடுத்தால் தன் மகளை யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று இருக்கும். லீவு முடிந்து வரும் பத்து வயதுப் பையன், 'நாம ஏன்பா பாலிக்குப் போகல?' என்று கேட்கிறான். அவன்மேல் தப்பே இல்லை. அவன் பார்த்த உலகம் இந்த மதிற்சுவருக்குள் இருப்பதுதான்.

உங்களில் எத்தனை பேர் தென்காசியிலும் தருமபுரியிலும் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, பிளஸ் டூ மதிப்பெண்ணோடு கலந்தாய்வுக்கு வந்து இன்ஜினியரிங் சீட்டு வாங்கியவர்கள்? இந்தச் சாலையை நிரப்பியதே அந்தத் தலைமுறைதான். அதைப் பிள்ளைகளிடம் கதையாகச் சொல்கிறீர்கள். பள்ளி தேர்ந்தெடுக்கும்போது மட்டும் அதை நம்ப மறுக்கிறீர்கள். ஃபீஸ் கூடினால் படிப்பும் அதே அளவுக்குக் கூடும் என்பதை நான் ஏற்கமாட்டேன். அங்கே கிடைக்கும் நீச்சல் குளமும் ஏசி பஸ்ஸும் உண்மை. அதற்காக அம்மா, அப்பா இருவரும் பத்து வருஷத்துக்கு வேலையை விடவே முடியாத நிலை வருவதும் உண்மை. பிரசவத்துக்குப் பிறகு ஒரு வருஷம் வீட்டில் இருக்க ஆசைப்பட்டு, தவணைக்காக ஆறாவது மாதமே திரும்பிப் போன பெண்கள் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். வீடு, பள்ளி, கார் மூன்றையும் ஒரு சம்பளத்தை வைத்து முடிவு செய்யுங்கள். இன்னொரு சம்பளத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், பாலிக்கும் போய் வாருங்கள்.

உங்களில் ஒருவர் கேள்வி எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று வந்திருக்கிறது. 'ஏற்கெனவே எல்லாம் வாங்கியாகிவிட்டது, இப்போது சொல்லி என்ன பயன்?' நல்ல கேள்வி. கிரெடிட் கார்டில் பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள். மாதம் மூன்றரை சதவீதம் என்பது வருஷத்துக்கு 42 சதவீதம். அடுத்து பர்சனல் லோன். அப்புறம் நிறுத்த முடியாத செலவில் ஆறு மாதத்துக்கானது, நாம் போட்ட கணக்கில் சுமார் பன்னிரண்டரை லட்சம், கொஞ்சம் கொஞ்சமாக வைப்புநிதியில் சேரட்டும். கம்பெனி காப்பீடு இருந்தாலும் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு மருத்துவ பாலிசி எடுங்கள். அதன் பிறகு போனஸிலிருந்து வருஷத்துக்கு ஒரே ஒரு கூடுதல் தவணை கட்டுங்கள். 20 வருஷக் கடன் பதினாறரை வருஷத்தில் முடிந்துவிடும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டியே கட்டினால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். அடுத்த இன்கிரிமென்ட் வரும்போது புதிதாக எந்தத் தவணையையும் தொடங்க வேண்டாம்.

கடன் ஸ்டேட்மென்ட் கொண்டு வந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். கணவன், மனைவி இருவருமாக வாருங்கள். ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்ப்போம்.