தங்க முள்ளும் பால் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுப் பால் கணக்கு நோட்டைப் பார்ப்பவர்கள் கொஞ்சம் திகைத்துப் போவார்கள். நோட்டு சாதாரண நோட்டுதான். தேதி, காலை அரை லிட்டர், மாலை கால் லிட்டர், அவ்வளவுதான் அதில் இருக்கும். ஆனால் அந்த எழுத்து 18 காரட் தங்கத்தில் செய்த பேனா முள், அதாவது நிப், எழுதிய எழுத்து. ஜெர்மனியில் செய்த பெலிக்கன் எம் 800 என்ற பேனாவின் எழுத்து. விலையைச் சொல்ல மாட்டேன். என் மனைவி இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தப் பணத்துக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலை உயர்ந்த மைப்பேனாவை வைத்திருப்பதில் என்ன சுகம் என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். 'வைத்திருப்பதில்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சின்ன வழக்கு. பீரோவுக்குள், பெட்டிக்குள், பஞ்சு மெத்தை மேல் வைத்திருப்பதில் ஒரு சுகமும் இல்லை. பதினோரு மாதம் அப்படி வைத்திருந்தவன் சொல்கிறேன்.

என் அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு தாழ்வாரத்தில் சாய்வு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். மேசையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் செய்த கறுப்புப் பேனா பத்திரம் எழுத. பிளாஸ்டிக் பேனா கையெழுத்துப் போட வருகிறவர்களுக்கு. யாராவது மறந்துபோய்க் கறுப்புப் பேனாவை நோக்கிக் கையை நீட்டினால், அப்பா பேச்சைக்கூட நிறுத்தாமல் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். "முள் ஒரு கைக்குப் பழகினது. இன்னொரு கை பட்டா கோணிக்கும்" என்பார்.

பிற்காலத்தில் நான் இயற்பியல் வாத்தியார் ஆன பிறகு அப்பாவின் இந்தக் கொள்கையை யோசித்துப் பார்த்தேன். பாதி உண்மை. முள்ளின் நுனியில் ஒரு சின்னக் குண்டு போலப் பற்றவைத்திருப்பார்களே, அது தங்கம் இல்லை. தங்கம் மெத்தென்றது, காகிதத்தில் தேய்ந்தே போய்விடும். நுனியில் இருப்பது ஆஸ்மியம், ருத்தேனியம் போன்ற கடினமான உலோகங்களின் கலவை. அது ஒருவர் எழுதும் கோணத்துக்குத் தேய்வது உண்மைதான், ஆனால் அதற்குப் பல வருடம் ஆகும். நடுவில் ஒருவர் ஒரு கையெழுத்துப் போட்டால் ஒன்றும் குடிமுழுகாது. அழுத்திப் போடாமல் இருந்தால் சரி. நம் ஆட்கள் பால்பாயிண்ட் பேனாவில் அழுத்தி அழுத்திப் பழகியவர்கள், அதுதான் ஆபத்து. பால்பாயிண்டில் குழம்பு மாதிரி மை, அழுத்தி உருட்டினால்தான் வரும். மைப்பேனா காகிதத்தைத் தொட்டாலே போதும்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு முதலில் கிடைத்தது ஒரு மலிவான இங்க் பேனா. கழுத்து கசியும். மரையில் நூலைச் சுற்றி இறுக்குவோம். முள்ளின் பிளவு அடைத்துக்கொண்டால் பாதி பிளேடை உள்ளே விட்டு இழுப்போம். விரலில் பட்ட மையைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வது அன்றைய ஆசாரம். மை தீர்ந்தால் பக்கத்துப் பையனிடம் பெஞ்சு மேல் இரண்டு சொட்டுக் கடன். அந்தக் கடனை நான் இன்னும் நாலைந்து பேருக்குத் திருப்பித் தரவில்லை.

ஓய்வு பெற்றபோது கையில் கொஞ்சம் பணம் வந்தது. மகள் ஏசி வாங்கச் சொன்னாள். நான் பேனா வாங்கினேன். பச்சைக் கோடு போட்ட உடல், கறுப்பு மூடி, கிளிப் ஒரு பறவையின் அலகு மாதிரி இருக்கும். பெலிக்கன் என்றால் கூழைக்கடா. நம் வேடந்தாங்கலுக்கு வருமே, அந்த இனம்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒருமுறை திறந்து பார்த்தேன், மூடினேன், பீரோவில் வைத்தேன். தொட்டால் கீறல் விழுமோ என்ற பயம். விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டுவேன். அவர்களும் "ஓ, நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுக் காபியைப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் விடியற்காலை. பால்காரம்மா வாசலில் நிற்கிறார். கணக்கு எழுத எடுத்த பால்பாயிண்ட் எழுதவில்லை. உள்ளேயிருந்து மனைவியின் குரல்: "ஏங்க, பீரோவுல ஒண்ணு தூங்குதே, அதை எழுப்புங்களேன்." கிண்டலாகத்தான் சொன்னார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்தேன், அன்று சாயங்காலமே மைப்புட்டி வாங்கிவந்தேன். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்த நோட்டு.

மை நிரப்புவதிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் பாதிச் சுகம் அதில்தான் இருக்கிறது. பழைய பேனாக்களில் கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். பிறகு உள்ளே ரப்பர் பை வைத்த பேனாக்கள் வந்தன. ரப்பர் நாளடைவில் இற்றுப்போகும். பெலிக்கன் கம்பெனி 1838-லிருந்து ஹனோவர் பகுதியில் வண்ணமும் மையும் செய்துவந்த கம்பெனி. பேனா செய்ய வந்தது ரொம்பப் பின்னால், 1929-ல்தான். தியோடர் கோவாச் என்ற ஹங்கேரி நாட்டுப் பொறியாளரின் பிஸ்டன் அமைப்புக்கான உரிமையை வாங்கி, அதை வைத்து முதல் பேனாவைச் செய்தார்கள். பேனாவின் வால்பக்கக் குமிழைத் திருகினால் உள்ளே பிஸ்டன் கீழே இறங்கும். முள்ளை மைக்குள் முக்கி எதிர்ப்பக்கம் திருகினால் பிஸ்டன் ஏறும், மையும் கூடவே ஏறும். பேனாவின் உடலே மைத்தொட்டி, தனியாகப் பை கிடையாது.

என் பேனாவில் அந்த பிஸ்டன் அமைப்பு பித்தளையில் செய்தது. அதைத் திருகும்போது கைக்குத் தெரிகிற ஒரு வழுவழுப்பு இருக்கிறதே, நன்றாக எண்ணெய் போட்ட பழைய தையல் மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் வருமே, கிட்டத்தட்ட அது. நிரம்பிய பிறகு இரண்டு மூன்று சொட்டைப் புட்டிக்குள் திருப்பி விட்டுவிட்டு, முள்ளை மேல்பக்கம் தூக்கி மீதிச் சுற்றை முடிக்க வேண்டும். பழைய வேட்டித் துணியால் முள்ளைத் துடைக்க வேண்டும். டிஷ்யூ காகிதம் இதற்கு ஆகாது, நார் பிளவில் மாட்டும். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிஷ வேலை. எனக்கு அந்த மூன்று நிமிஷமும் யாரும் போன் செய்யக் கூடாது.

பித்தளை பின்பக்கம் இருப்பதால் பேனாவின் பாரமும் பின்பக்கம் கொஞ்சம் சாயும். மொத்தம் ஏறக்குறைய 28 கிராம். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் அந்தப் பாரம் போய் உட்கார்ந்துகொள்கிறது. விரல்கள் பிடிக்க வேண்டியதில்லை, வழிகாட்டினால் போதும். நாற்பது வருஷம் விடைத்தாள் திருத்திக் கெட்டுப்போன என் நடுவிரலுக்கு இது பெரிய விஷயம்.

சரி, வாத்தியார் புத்தி. முள் எப்படி எழுதுகிறது என்று சொல்லாமல் விட முடியாது. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுச் சாய்த்தால் என்ன ஆகும்? குளுக் குளுக் என்று விட்டு விட்டு விழும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் சீராக ஊற்றும். வெளியே போன எண்ணெயின் இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும், அதுதான் விஷயம். பேனாவிலும் அதே சிக்கல். முள்ளுக்கு அடியில் ஒரு கறுப்பு நாக்கு இருக்கிறதே, அதில் முடி கனத்துக்குக் கோடுகள் வெட்டியிருப்பார்கள். விளக்குத் திரியில் எண்ணெயை இழுக்கிற அதே நுண்புழை விசையால் மை அந்தக் கோடு வழியாக இறங்கும், காற்று ஏறும். நியூயார்க்கில் லூயிஸ் வாட்டர்மேன் 1884-ல் காப்புரிமை வாங்கியது இந்த நாக்குக்குத்தான். நாக்கின் ஓரத்தில் சீப்புப் பற்கள் மாதிரி இருப்பவை அதிகமாக வந்துவிட்ட மையைத் தாங்கிப் பிடிக்க. அந்தப் பற்கள் இல்லாத பேனாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தால் என்ன ஆகும் என்று என் வயதுக்காரர்களின் சட்டைகளைக் கேட்டால் சொல்லும்.

முள் வாங்கும்போது நான் ஒரு தப்புப் பண்ணப் பார்த்தேன். நடுத்தரக் கனமான முள்தான் எல்லோருக்கும் ஏற்றது என்று கடையில் சொன்னார்கள். சோதிக்கக் கொடுத்த பேனாவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுப் பார்ப்பார்கள் போல; நான் 'கண்ணன்' என்று எழுதிப் பார்த்தேன். ண-வின் சுழிகள் மூன்றும் மையில் மூழ்கி ஒரு கறுப்பு முட்டை ஆகிவிட்டது. ஆங்கில எழுத்துக்குக் கம்பீரமாக இருக்கும் கனம் தமிழ்ச் சுழிக்கு அதிகம். ஐரோப்பிய முள் ஜப்பானிய முள்ளைவிட ஒரு சுற்றுக் கனம் கூட. மெல்லிய முள்ளை வாங்கினேன். இப்போது ண-வின் சுழிகளுக்குள் வெளிச்சம் தெரிகிறது. ழ-வின் கால் கீழே இறங்கி வளைந்து முடிகிற இடத்தில் மை ஒரு கணம் தேங்கி, அங்கே மட்டும் நீலம் கொஞ்சம் அடர்த்தியாகக் காய்கிறது. 'பழைய பாக்கி' என்று எழுதினால்கூட அழகாக இருக்கிறது.

இவ்வளவு விலைக்கு எழுத்து அவ்வளவு உயர்ந்துவிடுமா என்று கேட்பீர்கள். உயராது. இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு வரும் ஸ்டீல் முள் பேனாக்கள் நன்றாகவே எழுதுகின்றன. முள்ளுக்குத் தங்கம் வந்ததே, அந்தக் காலத்து மையின் அமிலம் இரும்பை அரித்ததால்தான். இன்றைய ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அந்தக் கவலை இல்லை. தங்கம் சற்று வளைந்து கொடுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். மீதிப் பணம் கைக்கும் கண்ணுக்கும் கொடுக்கிற கூலி. கோயிலில் வெண்கல மணியைக் கேட்டவனிடம் அலாரம் கடிகாரமும் மணிதானே என்றால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் கோயிலுக்குப் போவான்.

தங்கமும் வேண்டாம், ஜெர்மனியும் வேண்டாம், ஆனால் கையில் பிடித்தால் உயிர் இருக்க வேண்டும் என்பவர்களுக்குத் திருவள்ளூர் இருக்கிறது. அங்கே ரங்கா என்ற பெயரில் எபோனைட் பேனாவை இன்றும் கடைசல் பிடித்து ஒவ்வொன்றாகச் செய்கிறார்கள். எபோனைட் என்பது ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றிக் கெட்டியாக்கியது. கைச்சூட்டை வாங்கிக்கொள்ளும். மூடியைத் திறந்தால் லேசாகக் கந்தக வாசனை அடிக்கும். எனக்கு அது அப்பாவின் மேசை வாசனை.

மை விஷயத்தில் நான் ஒருமுறை சூடுபட்டவன். படம் வரைகிற கறுப்பு மையை, நல்ல கறுப்பாக இருக்கிறதே என்று, பழைய பேனா ஒன்றில் ஊற்றினேன். அதில் கரித்தூளும் அரக்கும் இருக்கும். ஒரு வாரத்தில் பேனா கல்லாகிவிட்டது. வெந்நீர், சோப்பு, பிரார்த்தனை எதற்கும் மசியவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது, புட்டியில் எழுதியிருந்ததை நான்தான் படிக்கவில்லை.

இப்போது இரண்டு புட்டி வைத்திருக்கிறேன். தினப்படிக்கு நீலம். அது தண்ணீர் பட்டால் ஓடிவிடும். பால் கணக்கில் ஒரு சொட்டுப் பால் விழுந்தாலும் அந்த நாள் இலவசம். காசோலைக்கும் கடிதத்துக்கும் நீலக்கறுப்பு. இந்த நீலக்கறுப்பில் இரும்பு உப்பும் துவர்ப்புச் சத்தும் இருக்கும். எழுதும்போது நீலமாக இருந்து, காற்றுப் பட்டுக் கறுத்து, காகிதத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான். மருந்துக்கடைச் சரக்கு ஐரோப்பியப் புட்டியில் வந்தால் விலை வேறு. இந்த மையை வாரக்கணக்கில் உலர விடக் கூடாது. நிறம் மாற்றுவதற்கு முன் தண்ணீரை ஏற்றி இறக்கி, தெளிந்த நீர் வரும்வரை கழுவ வேண்டும். அதுவும் எனக்குப் பிடித்த வேலைதான். நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். "சாமான் கழுவ மட்டும் கை வராது" என்று சமையலறையிலிருந்து சத்தம் வரும்.

வங்கிக்குப் போனால் இன்னொரு வேடிக்கை. செலான் எழுத வந்தவர்கள் நேராக என் சட்டைப் பையைப் பார்ப்பார்கள். "சார், ஒரு நிமிஷம் பேனா." நான் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது பத்து ரூபாய்ப் பால்பாயிண்ட். அதற்காகவே அதைக் கொண்டுபோகிறேன். இயற்பியல் எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் கை தானாகப் பச்சைப் பேனாவை மூடிக்கொள்கிறது. அப்பாவுக்கு மடி, எனக்குச் சட்டைப் பை.

என் பேனாவின் பச்சைக் கோடுகளுக்கு நடுவே வெளிச்சம் ஊடுருவும். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் உள்ளே எவ்வளவு மை இருக்கிறது என்று தெரியும். இந்த உரையை எழுத உட்கார்ந்தபோது ஒரு விரற்கடை இருந்தது. போதும் என்று நினைத்தேன். நாலாம் பக்கத்தில், பால் கணக்கில் பால் விழுந்ததைச் சொன்னேனே, அங்கே தீர்ந்துவிட்டது. புட்டியைத் தேடினால் நீலமும் காலி. பேனாவைக் கழுவி, துடைத்து, நீலக்கறுப்பை நிரப்பி மீதியை எழுதினேன். கையில் இருக்கிற தாளில் அந்த வரியிலிருந்து நிறம் வேறு. மேலே நீலம், கீழே இப்போது நன்றாகக் கறுத்துவிட்டது. ஒலிப்பதிவு செய்கிற தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வானொலியில் உங்களுக்குத்தான் காட்ட முடியவில்லை.

வணக்கம்.