எட்டாவது காகிதமும் கிடைத்துவிட்டது மக்களே!

வணக்கம் மக்களே. இன்றைக்கு வேறு எதைப் பற்றியும் பேசப்போவதில்லை. நேற்று ராத்திரி ஸ்லெண்டர் கேமில் எட்டு காகிதத்தையும் எடுத்துவிட்டேன். எட்டும்! போன மூன்று வீடியோவிலும் ஏழாவதோடு மாட்டிக்கொண்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தேனே, அந்தக் கணக்கு தீர்ந்தது.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. முழுப் பெயர் 'ஸ்லெண்டர்: தி எய்ட் பேஜஸ்'. 2012-ல் மார்க் ஹேட்லி செய்து இலவசமாக விட்ட கேம். ராத்திரி நேரம், ஒரு காடு, கையில் ஒரு டார்ச். துப்பாக்கி இல்லை, கத்தி இல்லை, புகுந்து ஒளிய ஒரு அலமாரிகூட இல்லை. எட்டு காகிதத்தைத் தேடி எடுக்க வேண்டும், கோட்டும் டையும் போட்ட முகமே இல்லாத ஒரு நெட்டை ஆள் உங்களை விடவே மாட்டான்.

இதில் எனக்கு உயிராகப் பிடித்தது, அவனைப் பார்க்கவே கூடாது என்பதுதான். பார்த்தால் திரை பொரியும், காதில் இரைச்சல், இன்னும் கொஞ்சம் பார்த்தால் முடிந்தது கதை. அவன் நடந்து வருவதையும் காட்டவே மாட்டார்கள். இந்தப் பக்கம் மரம், அந்தப் பக்கம் மரம், சட்டென்று நடுவில் நிற்பான். திடீரென்று மூஞ்சியைக் காட்டிக் கத்துகிற கேம்கள் எனக்கு அறவே பிடிக்காது, உங்களுக்கே தெரியும். இங்கே பயம் முழுக்க முதுகுப் பக்கத்தில்தான் இருக்கிறது.

சரி, காட்டுக்குள் இருக்கும் அந்த டைல்ஸ் பதித்த கட்டடத்துக்கு வருவோம். என்னை இத்தனை நாள் அலைக்கழித்தது அதுதான். உள்ளே குறுகலான வழிகள், மூலைக்கு மூலை திருப்பம், ஒவ்வொரு திருப்பத்திலும் எதிரே அவன் நிற்கலாம். காகிதம் இருக்கக்கூடிய இடங்கள் பத்து, காகிதம் எட்டுதான், அதனால் அவ்வளவு தூரம் உள்ளே போய் வெறும் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் உண்டு. அநியாயம் இல்லையா அது! நேற்று ஆட்டம் தொடங்கியதும் நேராக அங்கேதான் போனேன், ஏனென்றால் ஒவ்வொரு காகிதத்துக்கும் அவன் இன்னும் நெருங்கி வருவான், கஷ்டமான இடத்தை அவன் சும்மா இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். காகிதம் அங்கே இருந்தது. எடுத்ததும் அந்த 'தும்... தும்...' மேளச் சத்தம் தொடங்கிவிட்டது.

அட, பேட்டரியைச் சொல்லவே இல்லையே. டார்ச்சை எரியவிட்டுக்கொண்டே இருந்தால் தீர்ந்துவிடும். அதனால் திறந்தவெளியில் அணைத்துவிட்டே நடந்தேன். வேண்டாமல் ஓடவும் இல்லை, ஓடினால் மூச்சு வாங்கும், அப்புறம் ஓட வேண்டிய நேரத்தில் கால் வராது.

எட்டாவது டேங்கர் லாரியில் ஒட்டியிருந்தது. கை பட்டதும் அத்தனை சத்தமும் நின்றுபோனது. அதுவரை காதை அடைத்த இரைச்சல் போய், என் காலடிச் சத்தம் மட்டும். அந்த அமைதி இருக்கிறதே, மேளச் சத்தமே தேவலை என்று ஆகிவிட்டது. கொஞ்ச தூரம் நடந்தேன், திரும்பினேன், பிடித்துவிட்டான். ஆமாம், எட்டும் எடுத்தாலும் விட மாட்டான்! எனக்கு அதில் துளி வருத்தம்கூட இல்லை, அவன் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இப்போது பகல் வெளிச்சத்தில் ஆடும் வழி திறந்திருக்கிறது. அடுத்த வீடியோவில் அதுதான், முதலில் போகப்போவதும் அந்த டைல்ஸ் கட்டடத்துக்குத்தான்.